சட்டை நன்றாக வந்திருக்கிறது

2 ஜூன் 2025, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் இல்லாமலே திறந்துவிட்டது. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை என்று கேள்வி. முப்பத்திரண்டு வருடம் இலஞ்சிப் பிள்ளைகளுக்கு யானையும் தென்னை மரமும் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஓவிய டீச்சர் ஜோதிலட்சுமி நான், காலை எட்டரைக்குப் புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்த இவர் என்னைப் பார்த்து, "எங்கட்டி கெளம்பிட்ட?" என்றார். பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சாரல் பிடித்துக்கொண்டது. நடுக்கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. ஒன்றுக்கு வாளி, ஒன்றுக்கு அண்டா.

மாலையில் இவர் அண்ணன் பால்வண்ணநாதன் சென்னையிலிருந்து போன் செய்தார். குற்றாலத்து வீட்டை ஒரு ரிசார்ட்காரர் கேட்கிறாராம். ஆவணிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "ஒங்க ரெண்டு பேருக்குத் தென்காசியில ஒரு பிளாட் போதும்லா?" என்றார். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. நான் இங்கே வந்து முப்பத்தைந்து வருடம். சுவரில் எந்தப் பூச்சு எந்த மழையில் உதிர்ந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு பிளாட் வேண்டாம். இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

5 ஜூன்

ஏப்ரலில் நான் ரகசியமாக எழுதிப்போட்ட கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது! சென்னையில் ஒரு கலை அறக்கட்டளை. பழைய படச் சேகரிப்பு உள்ள வீடுகளை எடுத்துப் பழுதுபார்த்து, முன்பகுதியைக் காட்சிக்கூடமாக்குவார்கள். பின்பகுதியில் குடும்பத்தார் ஆயுசு முழுக்க இருந்துகொள்ளலாம். அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். படங்கள் தேற வேண்டும். அப்புறம், சேகரித்தவருடைய வாழ்க்கையை யாராவது எழுதித் தர வேண்டும்.

யாராவது என்றால் நான்தான். ராவ் சாகிப் திரிகூடநாதனைப் பற்றி இந்த முப்பத்தைந்து வருடத்தில் வாய் தவறிக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள் நான்.

8 ஜூன், ஞாயிறு

குடும்பத்தில் சொல்லும் கதை இது. இவருடைய கொள்ளுத்தாத்தா ராவ் சாகிப் திரிகூடநாதன், நஞ்சையும் தோப்புமாக வாழ்ந்தவர். கலை என்றால் உயிர். சீசன் தோறும் ஓவியர்களைக் குற்றாலத்துக்கு வரவழைத்துச் சோறு போட்டார். சீமையிலிருந்து நாற்பது ஓவியங்கள் வாங்கினார். அதைப் பார்த்து மெய்சிலிர்த்து வெள்ளைக்காரன் 'ராவ் சாகிப்' பட்டம் கொடுத்தான். இவர் இதைச் சொல்லும்போது 'மெய்சிலிர்த்து' என்ற இடத்தில் தன் கையையும் தடவிக்கொள்வார்.

நாற்பதும் போக நாற்பத்தோராவது, ராவ் சாகிப்பின் உருவப்படம். ஆள் உயரம். தலைப்பாகை, கருநீலக் கம்பளிக் கோட்டு, நெஞ்சில் மெடல். இந்த வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய எதற்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. மாட்டியிருந்தால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர் என்பது இவர்கள் கணக்கு. அதனால் சீமையில் புல் மேயும் மாடுகளுக்கும் நெற்றியில் குங்குமம். கப்பலுக்கும் ஒன்று. ராவ் சாகிப்புக்குக் கண்ணாடி மேலேயே சந்தனம், குங்குமம், மாலை, பத்தி. மாமனார் காலத்தில் கண்ணாடி இல்லாத நாட்களும் இருந்தன. அப்போது நேராகப் படத்தின் மீதே வைத்திருக்கிறார்கள்.

மாதம் முதல் தேதி இவர் அந்தப் படத்தின் முன்னால் கைக்கண்ணாடியோடு நின்று மீசையைக் கத்தரிப்பார். "பெரியவரு மூக்கு அப்படியே எனக்கு வந்திருக்கு. அண்ணனுக்கு இல்ல, பாத்தியா?" என்பார். பெயரே ஆவுடைநாயகம் என்று மறந்து, ராவ் சாகிப் என்றே நினைப்பு.

14 ஜூன்

பரணில் ஏறினேன். பல்லி முட்டை, செப்புக் குடம், உடைந்த ஆர்மோனியம். அடியில் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று. ராவ் சாகிப் அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் குமாஸ்தா எடுத்து வைத்த நகல். 1926 முதல் 1934 வரை. வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்துவிட்டது!

15 ஜூன், ஞாயிறு

கிடைத்தது இதுதான். பம்பாயில் ஒரு படக் கம்பெனிக்கு:

"கிழக்குச் சுவர் பதினெட்டடி. மூன்றடிக்கு நான்கடியில் நாலு படம் அனுப்பவும். இரண்டில் மாடு இருக்க வேண்டியது. ஒன்றில் தண்ணீர் இருக்க வேண்டியது. பாக்கி ஒன்று தங்கள் இஷ்டம்."

அடுத்த மாதம்:

"தாங்கள் அனுப்பிய படத்தில் மாடுகள் படுத்திருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும் மாடுகளாக மாற்றி அனுப்பவும்."

ஏன் திடீரென்று இத்தனை படம்? அதற்கும் கடிதம் இருக்கிறது, மதராசில் ஒரு வக்கீல் நண்பருக்கு. சீசனுக்கு வந்த துரை ஒருவர் இந்த வீட்டுக்குள் வந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, வீடு இன்னும் கட்டி முடியவில்லையா என்று கேட்டாராம். ராவ் சாகிப்புக்கு அன்று தூக்கம் போயிற்று. படங்கள் வந்து இறங்கியபோது துரைக்கு மாற்றலாகியிருந்தது. அடுத்து வந்தவருக்குப் படத்தில் நாட்டமில்லை, வேட்டையில்தான். பட்டம் கிடைத்தது எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகுதான் உறைத்தது. இந்த ஆளைத்தான் நான் பெரிய மனிதராக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாட்.

20 ஜூன்

வாழ்க்கை வரலாறு, முதல் வரைவு: 'சுவர்களின் மேல் அவருக்கு இருந்த தீராத அக்கறையே அவரைக் கலையின்பால் செலுத்தியது.'

அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவு: 'கால்நடைகளின் அழகில் மனம் பறிகொடுத்தவர்.'

இதை வைத்துக்கொண்டேன். பொய் இல்லை.

26 ஜூன்

அண்டாவை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தேன். ஒழுக்கும் இடம் மாறும் போலிருக்கிறது.

2 ஜூலை, புதன்

அறக்கட்டளையிலிருந்து கிருபா வந்தாள். முப்பது வயது இருக்கும். பழைய படங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது படிப்பும் வேலையும். சின்ன டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். இவர் பின்னாலேயே போய்க் கதை சொன்னார். "இங்க பாருங்க, இந்த மாட்டோட கண்ணு நம்மளயே பாக்கும்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் அசந்ததும் என்னிடம் வந்தாள். "மேடம், நீங்க டிராயிங் டீச்சர். உங்ககிட்ட மறைக்க வேண்டாம். நாற்பதும் அச்சுப் படம். காகிதத்துல பிரிண்ட் பண்ணி மேல வார்னிஷ் பூசினது. ஊர் முழுக்க வித்திருப்பாங்க. அதுலயும் முக்காவாசி பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

முப்பத்தைந்து வருடம் தினமும் கடந்து போன படங்கள். ஒரு நாள் கிட்டே போய்ப் பார்த்திருந்தால் புள்ளி புள்ளியாய் அச்சு தெரிந்திருக்கும். பிள்ளைகளிடம் 'கண்ணால பாரு, கண்ணால பாரு' என்று கத்தினவள் நான். வெட்கமாக இருக்கிறது.

"உருவப்படம்?" என்றேன்.

"அது கையால வரைஞ்சது. ஆனா மேல இவ்வளவு சந்தனமும் எண்ணெய்ப் புகையும் இருக்கே, சட்டத்துலேர்ந்து எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

3 ஜூலை, வியாழன்

இவர் ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

தென்காசியிலிருந்து பிரேம் கடை அகமது கபீர் பாயை வரச் சொல்லியிருந்தேன். மூன்று பேருமாகப் படத்தை இறக்கி மேசையில் கிடத்தினோம். கபீர் பாய் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். "எங்க வாப்பா இதுக்கு ரெண்டு தடவ கண்ணாடி மாத்தியிருக்காவ டீச்சர். முதுகுப் பக்கத்தத் தொடவே விடலயாம் ஒங்க மாமனார். சாமி படம்னுட்டாவளாம்."

கிருபா பஞ்சில் ஏதோ நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சு காவி நிறமாயிற்று, பிறகு கறுப்பு. மூன்று மணி நேரம். முதலில் கை தெரிந்தது. நான் இதுவரை பார்த்தே இராத கை. கோட்டுக் கையிலிருந்து வெளியே வந்து தொங்குகிறது. விரல்கள் தடித்து, கட்டைவிரல் பின்பக்கமாய் வளைந்து, நகத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. இந்தக் கை வீட்டுப் பேரேட்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்று கதை. பிறகு முகம் வந்தது. கிருபா பஞ்சைக் கீழே வைத்தாள். இந்தப் படம் நன்றாக இருக்கிறது. சும்மா நன்றாக இல்லை. அந்த மனிதர் அறைக்குள் நிற்கிறார். நம்மிடம் ஏதோ கேட்கலாமா வேண்டாமா என்று நிற்கிறார்.

கபீர் பாய் பின்பலகையைப் பிரித்துவிட்டு, "டீச்சர், எழுதியிருக்கு" என்றார்.

துணியின் முதுகில், தூரிகையால், தெளிவாக: 'ஆனி 1931, குற்றாலம். எண்ணெய் தேய்க்கும் தளவாய், எஜமான் சட்டையில். எட்டு நாள் நின்றான். — அருளப்பன்.'

அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள், அப்போதும் இருந்தார்கள். தளவாய் அவர்களில் ஒருவர்.

கபீர் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர். ஆனா ஒரு டீ குடிக்கணும்."

அவர்கள் போனதும் நகல் புத்தகத்தைப் புரட்டினேன். 1931, ஆனி. ஓவியர் அருளப்பனுக்கு ராவ் சாகிப்:

"எனக்கு நிற்க நேரமில்லை. என் உடம்பளவுள்ள ஆள் ஒருவனை என் சட்டை, தலைப்பாகை, மெடல் சகிதம் அனுப்பியிருக்கிறேன். முகத்தைப் பிற்பாடு போட்டோவைப் பார்த்து எழுதிக்கொள்ளவும்."

ஆடி மாதம், அதே ஓவியருக்கு:

"படம் வந்து சேர்ந்தது. சட்டை நன்றாக வந்திருக்கிறது. மெடலும் தெளிவு."

அவ்வளவுதான். முகம் மாறவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. பெரிய கலா ரசிகர்!

4 ஜூலை, வெள்ளி

படம் மேசையில் துணி மூடிக் கிடக்கிறது. காலையில் இவர் குங்குமச் சிமிழோடு வந்துவிட்டார். மருந்து பூசியிருக்கிறது, தொடக்கூடாது என்றேன். அப்படியானால் சரி என்று, மூடிய துணிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அடியில் இருப்பது யார் என்று நான் சொல்லவில்லை.

9 ஜூலை

கிருபா போன் செய்தாள். அறக்கட்டளை வீட்டை எடுத்துக்கொள்கிறது! நாற்பது அச்சுப் படத்துக்காக அல்ல, அந்த ஒரே படத்துக்காக. இப்படி ஒரு உருவப்படம் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கிடைத்ததே இல்லையாம். வேலைக்காரன் எஜமான் உடுப்பில், ஆனால் தன் முகத்தோடு. ஒரே நிபந்தனை, உண்மைப் பெயரில் மாட்ட வேண்டும்: தளவாய். வாழ்க்கை வரலாற்றிலும் அப்படியே எழுத வேண்டும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

வீட்டைக் காப்பாற்ற ராவ் சாகிப் பெரியவராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் அந்தப் படத்தில் இல்லாமல் இருப்பதுதான் வீட்டைக் காப்பாற்றும். இதை இவரிடம் எப்படிச் சொல்வது? வீடு போனால் எனக்குத் தாங்காது. படம் போனால் இவருக்கு என்ன மிஞ்சும்? அறுபத்து நாலு வயதில் இவருக்கு வேறு பெருமையும் கிடையாது. ஒரு வேலையில் ஆறு மாதம் இருந்ததில்லை. கொள்ளுப்பேரனாக இருந்ததுதான் வேலை.

12 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். துணியை விலக்கிப் படத்தைக் காட்டி, எழுத்தைக் காட்டி, கடிதத்தைக் காட்டி. முடித்ததும் இவர் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மூக்கைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி, அப்ப எனக்கு யாரு மூக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

13 ஜூலை

சாப்பிட வரவில்லை.

14 ஜூலை

சாப்பிட வந்தார். மீசையைக் காணோம். சுத்தமாக மழித்துவிட்டார். மேலுதடு வெளுத்து, புதிதாக ஒருவர் வீட்டுக்குள் நடமாடுவதுபோல் இருக்கிறது.

18 ஜூலை

அண்ணனிடம் இவரே சொல்லியிருக்கிறார். அவர் போட்ட சத்தம் அடுக்களை வரை கேட்டது. "ஏலே ஆவுடை, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? எண்ணெ தேய்க்கிறவன நம்ம அப்பாவோட தாத்தான்னு இத்தன வருசம் கும்புட்டோம்னு ஊரக் கூட்டிச் சொல்லப் போறியா? அந்த எழுத்தச் சொரண்டு. லெட்டர் புக்க அடுப்புல போடு. ராவ் சாகிப் படம்னு நான் வித்துத் தாரேன். வீட்டையும் ரிசார்ட்காரன் கையில குடுத்துருவோம்."

இவர் "யோசிக்கேன்" என்று வைத்துவிட்டார். யோசிக்கிறாராம். புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

"லெட்டர் புக்க எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அரிசி அளக்கப் போனேன், பாத்தேன். கொண்டா" என்றார். அடுப்பில் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். மேசை முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். என்னையும் உட்காரச் சொன்னார். "பெரியவரப் பத்தி நான் இத்தன கத சொல்லுதேன். அவரு என்ன சொல்லுதாருன்னு ஒரு நா கேட்டதில்லலா."

மாடு நிற்க வேண்டிய கடிதம் வந்தபோது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

24 ஜூலை, ஆடி அமாவாசை

அருவிக்கரையில் கூட்டம் தாங்கவில்லை. இவர் போய் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். காப்பி கொடுத்தேன். "திரிகூடநாதன்னு பேரச் சொல்லித் தண்ணி விட்டேன். மனசுல தளவாய்தான் வந்து நிக்காரு. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

காய்ந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

27 ஜூலை, ஞாயிறு

தினம் பத்திருபது பக்கம். இன்று 1931 வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. நான் அவசரத்தில் தாண்டியிருக்கிறேன். இவர் வாய்விட்டுப் படித்தார்.

"ஆள் மூன்றாம் நாள் மயங்கி விழுந்ததாக எழுதியிருக்கிறீர். கம்பளிச் சட்டை அவனுக்குப் பழக்கமில்லை. முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டுத் தெளிக்கவும்."

இரண்டாம் முறை மனதுக்குள் படித்தார். உதடு அசைந்தது. புத்தகத்தை மூடவில்லை, அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். பின்வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பி வந்து கேட்டது இதுதான்: "அதுக்கப்புறமும் அஞ்சு நா நிக்க வச்சிருக்காவ, என்ன?"

எட்டு நாள் நின்றான் என்றுதானே எழுதியிருக்கிறது. ஆமாம் என்றேன்.

28 ஜூலை, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன். "ஆலங்குளத்து வயல நீயே வச்சுக்க. எனக்கு அதுல பங்கு வேண்டாம். இந்த வீட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுரு." வயல் நெல்தான் எங்கள் வருடச் சாப்பாடு. இனி என் பென்ஷன்தான். என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இவர் ஒரு காரியத்தை ஆரம்பித்து முடித்துப் பார்த்தது இன்றுதான். எனக்கு இவர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. வாழைப்பூ வடை சுட்டேன்.

31 ஜூலை

அண்ணன் கையெழுத்து வந்துவிட்டது. வயல் ஜெயித்தது. கடைசி வரி என்று ஒன்று எழுதியிருந்தார்: 'குடும்ப மானம் இனி உன் பொறுப்பு.'

10 ஆகஸ்ட், ஞாயிறு

தளவாயின் வாரிசு யாராவது இருக்கிறார்களா என்று கிருபா கேட்டிருந்தாள். பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற ஆட்களிடம் போய் விசாரித்தேன். இரண்டாவது ஆளே சிரித்தான். சுடலைராஜ் என்று பெயர், நாற்பது வயது. "தளவாயா? எங்க பூட்டன்லா. எதுக்குக் கேக்கிய?"

படம் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. "எங்க வீட்ல அவிய படம் ஒண்ணும் கிடையாதே. எங்கம்மைக்கே அவிய மொகம் தெரியாது. அம்ம தொட்டில்ல கெடக்கும்போதே போயிட்டாவளாம்."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் போனில் படத்தைப் பார்த்தான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். அந்த மூக்கு இங்கே இருக்கிறது. அவன் கேட்டது: "கோட்டு யாருது?"

28 ஆகஸ்ட்

கொத்தனார்கள், பெயிண்டர்கள், தூசி. நாங்கள் பின்பகுதிக்கு மாறிவிட்டோம். இரண்டு அறை, ஒரு அடுக்களை. ஒழுக்கு இல்லை. மாடுகளையெல்லாம் கட்டி வைத்துவிட்டார்கள். கூடத்தில் ஒரே ஒரு படம்.

வாழ்க்கை வரலாற்றை முடித்துக் கொடுத்துவிட்டேன். கடிதங்களை அப்படியே அடுக்கிவிட்டேன். என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, கால்நடை வரியைத் தவிர.

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

நேற்றே திறப்பு விழா முடிந்துவிட்டது. சென்னை ஆட்கள், பேச்சு, பொன்னாடை. தளவாய் வீட்டாரை அழைத்திருந்தோம், வரவில்லை. சீசன் கூட்டம், கையில் வேலை என்று சுடலைராஜ் சொன்னான். விழா என்றால் அவர்களுக்குக் கூச்சம் என்றுதான் நினைக்கிறேன். இன்று காலை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான்.

முத்துவடிவு. தளவாயின் பேத்தி. அறுபத்தெட்டு வயது, ஒல்லி, கண்டாங்கிச் சேலை. பழக்கத்தில் பின்வாசல் பக்கம் வந்து நின்றார். இவர் போய், "அங்கன இல்ல, இப்படி வாங்க மதினி" என்று முன்வாசலைச் சுற்றி அழைத்து வந்தார். மதினி என்று இவர் கூப்பிட்டதை நானும் கவனித்தேன், சுடலைராஜும் கவனித்தான்.

இவர் ஒரு வாரமாகப் பேச்சு தயாரித்து வைத்திருந்தார். ஓவியர் யார், எந்த வருடம், கை எப்படி வரைந்திருக்கிறது பாருங்கள், எல்லாம். நேற்று நூறு பேருக்குச் சொன்னார், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இன்று படத்தின் முன்னால் வந்ததும் பேச்சை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். முத்துவடிவு உட்காரவில்லை.

கையெடுத்துக் கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவாரோ என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. பிள்ளை வெளியூரிலிருந்து வந்து இறங்கினால் தாய் மேலும் கீழும் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தார். முகத்தில் நின்றது கண். நெற்றியில், தலைப்பாகைக்குக் கீழே, வரிசையாய்ச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். கன்னத்தில் ஒரு கோடு. அது தேஜஸ் என்று மாமனார் சொல்வார். மாமனார் சொன்னதை இவர் சொல்வார். கிருபா தன் குறிப்பில் 'ஒளியைக் கையாண்ட நுட்பம்' என்று எழுதியிருக்கிறாள். நானும் தலையாட்டினேன், முப்பத்திரண்டு வருட ஓவிய டீச்சர்.

முத்துவடிவு மகன் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஏலே, தாத்தாவுக்கு எப்படி வேர்க்கு பாரு."

இவர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போய்ச் சுவரோரம் ஃபேன் சுவிட்சைப் போட்டார். படத்தின் மேல் காற்று படவே கூடாது என்று கிருபா பெரிய எழுத்தில் எழுதி அதற்கு மேலேயே ஒட்டியிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.